1311-ஆம் வருடத்து மாப்பிள்ளை

1974-ஆம் வருடம் வைகாசி இருபத்தெட்டாம் தேதி பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி ஊர் நல்லமுத்துக் கவுண்டர் தன் தங்கை பழனாத்தாளை 1311-ஆம் வருடத்தில் கட்டிக்கொடுத்தார். முறைப்படி வீடு பார்த்து, குலத்துக் கூட்டம் விசாரித்து, சடங்கு செய்விக்கும் அருமைக்காரர் முன்னின்று நடத்திவைத்த கல்யாணம் அது. அவள் ஓடிப்போனாள் என்று சித்தூர்ப் பக்கம் சிலர் சொல்வது பொய். ஓடிப்போன பெண்ணுக்கு யாரும் முந்நூறு பேருக்குப் பந்தி போட்டு அனுப்பிவைப்பதில்லை.

நல்லமுத்துக் கவுண்டருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. தங்கைக்கு இருபத்தெட்டு. தகப்பனார் இறந்தபோது அவளுக்கு ஆறு வயது என்பதால் வளர்த்ததும் படிக்கவைத்ததும் அவர்தான். அவர் எதிரில் அவள் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு வந்த பதினோரு மாப்பிள்ளைகளை அவரே தள்ளினார். ஒருவர் பெண் பார்க்க வந்த இடத்தில் கால்மேல் கால் போட்டார். ஒருவருடைய சித்தப்பா கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னவர். மற்ற ஒன்பது பேருக்கும் இதுபோலத் தகுந்த காரணங்கள் இருந்தன. இவை தவிர அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. ஆடிக்கு அழைத்தால் வந்துசேர முடியாத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடி மாதத்தில் பிறந்த வீட்டுக்கு அழைத்துச் சேலை எடுத்துக் கொடுத்து, வயிறாரச் சோறு போட்டு, அவள் முகத்தைப் பார்த்து எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். அவருடைய அத்தையை இலங்கைத் தோட்டம் ஒன்றுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு ஆடிக்கும் அவள் வரவில்லை. கடைசியில் ஒரு தந்தி வந்தது. அதை வாங்கிய கையோடு அவருடைய பாட்டனார் போட்ட விதி அது. நல்லமுத்துக் கவுண்டர் தன் வாழ்நாளில் பயந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பழனாத்தாள் 1971-இல் மறையூருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். பொள்ளாச்சி, உடுமலை வழியாக ஒரே பகலில் போய்விடலாம் என்பதால் அவர் சம்மதித்தார். அந்தத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குப் போனபோது அவருடைய மனைவி ஒரு பெட்டி நிறைய நாவல்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போயிருந்தாள். மொத்தம் பதினான்கு. பதினான்கிலும் கதை ஒன்றுதான். இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி ஒரு பழைய கல்லைத் தொட்டு, அறுநூறு எழுநூறு வருடம் பின்னால் போய், ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு கூட்டத்துத் தலைவனைச் சந்திக்கிறாள். முதலில் சண்டை போடுகிறாள், பிறகு கட்டிக்கொள்கிறாள். அட்டைப்படங்களில் எல்லாத் தலைவர்களுக்கும் சட்டை இல்லை. பழனாத்தாள் பதினான்கு புத்தகங்களுக்கும் காக்கித்தாள் அட்டை போட்டு, மேலே ‘சமூக பாடம்’ என்று எழுதிவைத்திருந்தாள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவள் வளர்ந்த விதம் அப்படி.

மறையூர்ப் பாறைகளின் மேல் முனியறைகள் இருக்கின்றன. சுற்றிலும் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த, ஆள் குனிந்து நுழையக்கூடிய, மிகப் பழைய கல்லறைகள். 1973 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பழனாத்தாள் மழைக்கு ஒதுங்கி அவற்றில் ஒன்றில் நுழைந்தாள். மழை விட்டதும் வெளியே வந்தாள். கரும்புக்காடு இல்லை. வெல்லம் காய்ச்சும் புகை இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஊதாப்பூப் புதர்களும் குளிர்காற்றும் இருந்தன. கட்டம் போட்ட கம்பளியை முழங்கால்வரை உடுத்திய ஒருவர், வழிதவறிய மாட்டைத் தேடி வந்தவர், அவளைப் பார்த்து நின்றார். அவருக்குச் சட்டை இருந்தது. பெயர் அங்கஸ். பெருமாட்டியில் பிறகு அங்கப்பன் என்று ஆயிற்று. அவளுக்குப் பயம் வரவில்லை, ஏனென்றால் பதினான்கு முறை இதைப் படித்திருந்தாள். மாடு எந்தப் பக்கம் போயிற்று என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை மாடு கிடைத்ததா என்று கேட்கப் போனாள். இப்படி நான்கு மாதம், அதற்குள் அவர் பேச்சும் அவளுக்குப் பழகிவிட்டது. மேய்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் அந்த முனியறைக்குள் நுழைந்து பார்த்து ஆட்டுப்புழுக்கையோடு வெளியே வந்தார்கள். அந்தப் பக்கம் காரியம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது வழிவிட்டது. இதில் வியப்பு ஒன்றுமில்லை. வில்லேஜ் ஆபீஸும் அப்படித்தான்.

அதே பள்ளிக்கூடத்தில் சந்தனமேரி என்ற ஆசிரியை இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் இருக்கும் குடும்பம். அவள்தான் நல்லமுத்துக் கவுண்டருக்கு எழுதினாள். செய்தியைவிட, அதைத் தபால்காரர் படிக்கும்படி கார்டில் எழுதியதுதான் அவரை அதிகம் வருத்தியது. அவர் தாய்மாமன் சின்னமுத்துவைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். பழனாத்தாள் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆள் இன்னார், கட்டிக்கொள்ளக் கேட்டது இப்படி, வீடு வந்து பார்த்து உங்களுக்குப் பிடிக்காவிட்டால் இனி அந்தக் கல் பக்கமே போக மாட்டேன் என்று நின்றபடியே சொன்னாள். வேண்டாம் என்று முடிவுசெய்துகொண்டுதான் அவர் வீடு பார்க்கச் சம்மதித்தார். பார்க்காமல் தள்ளினார் என்ற பேச்சு வரக்கூடாது.

முதலில் விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அந்த ஊரில் மூன்று வீட்டிலாவது விசாரிப்பது வழக்கம். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் இறந்து அறுநூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்ததால் நாவல்களைத்தான் விசாரிக்க முடிந்தது. சந்தனமேரி இரண்டு நாள் உட்கார்ந்து பதினான்கு கதைகளையும் சொன்னாள். அவர் குறுக்கே கேள்வி கேட்டார். பதின்மூன்று பேர் நல்லவர்கள். ஒருவர் குடிக்கிறார், ஆனால் இருநூறாம் பக்கத்தில் விட்டுவிடுகிறார். “ஒருத்தன்கூட கைவிடல அண்ணாச்சி. சண்டை போடுதான், வாளெடுக்கான், ஆனா கடைசில தாலி கட்டிருதான்” என்றாள் சந்தனமேரி. கட்டிய பிறகு என்ன ஆகிறது என்று அவர் கேட்டார். அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது என்றாள். பதினான்கும் கல்யாணத்தோடு முடிந்திருந்தன. ஆடி அழைப்பைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வீடு பார்க்க மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் சந்தனமேரியையும் சேர்த்து நான்கு பேராக, பங்குனியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு முனியறைக்குள் குனிந்து போனார்கள். நல்லமுத்துக் கவுண்டருக்குக் குனிந்து பழக்கமில்லை, தலைப்பாகை கல்லில் இடித்தது. அந்தப் பக்கம் பனிமழை. அங்கஸ் ஐந்து பேரோடு வந்து எதிர்கொண்டார். வீடு கல்வீடுதான், ஆனால் சுண்ணாம்பு பூசவில்லை. மாடு நாற்பத்து மூன்று. சின்னமுத்து ஒவ்வொரு மாடாகச் சுழி பார்க்க முயன்றார். மயிர் கண்ணை மூடி முழங்கால்வரை தொங்கியதால் ஒரு சுழியையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நிலத்தில் பாதி கல். கிணறு இல்லை, தேவையும் இல்லை. கூட்டம் என்ன என்று நல்லமுத்துக் கவுண்டர் கேட்டார். தங்கை மொழிபெயர்த்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து நின்று இருபத்தொரு தலைமுறையைப் பெயர் சொல்லி ஒப்பித்தார். அவர்கள் கொடியில் கலைமான் இருந்தது. பெண் வீட்டார் ஒரு பறவையின் பெயர்கொண்ட கூட்டம். ஆகவே பங்காளி முறை வராது, கொண்டு கொடுக்கலாம். ஒரே கூட்டத்துக்குள் இவர்களும் கட்டுவதில்லை என்று தெரிந்தபோது சின்னமுத்துவின் முகம் மாறிவிட்டது. நல்லமுத்துக் கவுண்டரின் முகம் மாறவில்லை.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொல்லும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அங்கே ஒன்றை வாயில் வைத்துவிட்டால், கை நனைத்தாயிற்று, பெண் கொடுத்தாயிற்று என்று பொருள். ஆகவே அவர்கள் கொண்டுவந்த கறியையும் ரொட்டியையும் நான்கு பேரும் தொடவில்லை. மறுநாள் காலைவரை தாங்கினார்கள். பாலக்காட்டு வெயிலில் நாற்பத்து நான்கு வருடம் நின்ற உடம்பு நல்லமுத்துக் கவுண்டருடையது. அந்தக் குளிரில் அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அடுப்பருகே கம்பளியைச் சுற்றி உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், எழுபது வயது இருக்கும், அவர் யார் என்ன முறை என்று எதையும் பாராமல், ஒரு மரக்கிண்ணத்தில் ஓட்ஸ் கஞ்சியை உப்புப் போட்டுக் கொண்டுவந்து, நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அகப்பையை அவர் வாயருகே நீட்டினாள். ஆறு வயதுத் தங்கையை வளர்த்த நாளிலிருந்து அவருக்கு யாரும் ஊட்டியதில்லை. குடித்தார். இன்னொன்று குடித்தார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தார்.

“மாப்ள, கை நனைச்சுட்டீங்க” என்று மருமகனைப் பார்த்துச் சொன்னார் சின்னமுத்து.

 பழனாத்தாள்தான் முன்னால் வந்தாள். “காச்சலுக்கு மருந்துன்னு வெச்சுக்கலாமுங்கண்ணா. நீங்க தெரியாம குடிச்சதுக்காக எனக்கு இந்த எடம் வேண்டாமுங்க.”

அவர் மரக்கிண்ணத்தைப் பார்த்தார். “மருந்தை யாராச்சும் மூணாவது வாய் கேப்பாங்களா அம்முணி?” என்றார். பிறகு எழுந்து, காய்ச்சலோடு நேராக நின்று, மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். வருஷம் தவறாமல் என் தங்கையை ஒருமுறை பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தள்ளிப்போடக்கூடாது, மழை, போர் என்று சாக்குச் சொல்லக்கூடாது. அங்கஸ் குத்துவாளை உருவி அதன் பிடியை நெற்றியில் வைத்து, வருஷம் தவறாது என்றார். அதன்பிறகு சின்னமுத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த கறியைச் சாப்பிட்டார். முனியறையை விட்டு வெளியே வந்தபோது மறையூரில் அதே நாள் பகல் ஒரு மணி. ஒன்றரை நாள் தங்கியும் மத்தியான பஸ் கிடைத்துவிட்டதே என்று சின்னமுத்து மகிழ்ந்தார். நல்லமுத்துக் கவுண்டர் காய்ச்சலில் அதைக் கவனிக்கவில்லை.

கல்யாணம் பெருமாட்டியில் குறையின்றி நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் வந்து, வாட்களைப் புளியமரத்தடியில் சாய்த்துவைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த, தோல்பையில் காற்றை அடைத்து ஊதும் வாத்தியத்துக்குக் கொல்லங்கோட்டு மேளக்காரர்கள் பத்து நிமிடத்தில் தாளம் பிடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பெண் புறப்பட்டுப் போனாள்.

கல்யாணத்திலிருந்து ஐம்பத்திரண்டாம் நாள், ஆடி பதினெட்டுக்கு முந்தின நாள், பழனாத்தாள் ஒரு மாதக் கைக்குழந்தையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

ஊர் என்ன பேசியது என்பதை எழுதத் தேவையில்லை. டீக்கடையில் ஒருவர், “ஏனுங் கவுண்டரே, அந்த ஊர்ப்பக்கம் வெள்ளாமை அம்பது நாள்லயே அறுப்புக்கு வந்துருமுங்களா?” என்று கேட்டார். நல்லமுத்துக் கவுண்டர் டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தங்கை குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அங்க எத்தனை நாளாச்சு அம்முணி?”

“ஒரு வருசமாச்சுங்கண்ணா. இங்க ஒரு நாளுன்னா அங்க ஏழு நாளுங்க.”

“இது உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியுமுங்க. வாச்சு கட்டீட்டுப் போய் பாத்தனுங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா பன்னண்டாவதா இவரையும் தள்ளியிருப்பீங்க.”

அவர் வெளியே இறங்கினார். அன்று முழுவதும் தோப்பில் நடந்தார். குழந்தையின் கணக்கு சரியாகவே இருந்தது. குடும்பத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவரை நடக்கவைத்தது வேறு கணக்கு. அடுத்த ஆடிக்கு அவளுக்கு முப்பத்தாறு, அதற்கடுத்து நாற்பத்து மூன்று, பிறகு ஐம்பது. ஆறேழு முறை பார்ப்பதற்குள் அவள் காலம் முடிந்துவிடும். அத்தையாவது கடல் தாண்டிப் போனாள், இவள் காலம் தாண்டிப் போயிருக்கிறாள், அனுப்பியது நான்தான் என்று அவர் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவியிடம் அப்படிப் பேசியது அதுவே முதல்முறை. தங்கை மூன்று நாள் இருந்து சேலை வாங்கிக்கொண்டு போனாள். அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை.

புரட்டாசி ஆறாம் தேதி அவள் மறுபடி வந்தாள். யாரும் அழைக்கவில்லை. கூடவே குழந்தை நடந்து வந்தது. எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, வருஷம் ஒன்றாகிவிட்டது, வருஷம் தவறாது என்று வாள்மேல் சொல்லியிருக்கிறேன், கிளம்பு என்று மாப்பிள்ளைதான் அனுப்பினார் என்றாள். பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை நடக்கிறதாம். அதை இரண்டு நாள் நிறுத்திவைத்துவிட்டு அவளைக் கல்வரை கொண்டுவந்து விட்டாராம். யாருடைய வருஷம் என்று நிபந்தனை போட்டபோது இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அங்கஸ் தன்னிடம் இருந்த வருஷத்தைத்தான் எண்ணினார்.  நல்லமுத்துக் கவுண்டர் மனைவியைக் கூப்பிட்டு, ஆடி வந்திருக்கிறது, தேங்காய் சுடு என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஐம்பத்திரண்டு நாளுக்கு ஓர் ஆடி. ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று, மாசியில் ஒன்று என்று வருடத்துக்கு ஏழு. பஞ்சாங்கத்தில் இப்படி இல்லையே என்றார் கோயில் பூசாரி. பஞ்சாங்கத்தைப் போட்டவருக்கு இப்படியொரு மாப்பிள்ளை வாய்க்கவில்லை என்றார் கவுண்டர். மூன்றாவது ஆடியிலேயே குழந்தை வாய் நிறைய மாமா என்று பேசியதால் டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. நான்காவது ஆடியிலிருந்து, ஆடி மாதத்தில் வீசும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அவளோடு வரத் தொடங்கியது. மாசியிலும் சித்திரையிலும் ஊரில் ஓர் இலை அசையாதபோது அந்த வீட்டு முற்றத்தில் மட்டும் ஆடிக்காற்று ஊளையிட்டு வீசும், வாழை கிழியும், வேலிக்கு அந்தப் பக்கம் புழுதிகூடப் பறக்காது. ஒரு வருடத்தில் பக்கத்துக் களத்துக்காரர்கள் எள்ளையும் கேழ்வரகையும் அங்கே கொண்டுவந்து தூற்றப் பழகிக்கொண்டார்கள். கவுண்டரின் தங்கை என்றைக்கு வருகிறாள் என்று நாள் கேட்டுக்கொண்டு போவார்கள்.

ஒவ்வொரு முறையும் அவள் ஒரு வயது கூடி வந்தாள். முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு காதோரம் நரைத்தது. மாமியார் இறந்த ஆடியில் ஒரு நாள்தான் தங்கினாள். ஒரு போரில் மாப்பிள்ளைக்கு இடது கை விரல் இரண்டு போன ஆடியில் அவரும் கூட வந்து, கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். குழந்தை வாலிபனாகிச் சிவந்த மீசையோடு கொங்குத் தமிழ் பேசினான். வந்ததும் அவள் அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். அவர் திருநீறு இடுவார். அதில் மாற்றம் இல்லை.

பத்தொன்பதாம் ஆடி 1977 மாசியில் வந்தது. பழனாத்தாள் பையை இறக்கிவைத்துவிட்டு வழக்கம்போல் குனிந்தாள். நல்லமுத்துக் கவுண்டர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வயசு என்னாச்சு இப்ப?”

“நாப்பத்தேழுங்கண்ணா.”

அவருக்கு நாற்பத்தாறு முடிந்து எட்டு மாதம். அந்த வீட்டில் மூத்தவர் யார், இளையவர் யார் என்பதில் அவர் ஒருபோதும் தவறியதில்லை. தவறவிட்டவர்களோடு உறவு வைத்துக்கொண்டதுமில்லை. மனைவியும் சின்னமுத்து மாமாவும், முற்றத்தில் எள் தூற்றிக்கொண்டிருந்த நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முனியறையைத் தவிர வேறெங்கும் வளையாத முதுகு அது. தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து தங்கையின் காலைத் தொட்டார்.

“ஆசீர்வாதம் பண்ணுங்கக்கா.”

 அண்ணன் பெயரை அவள் வாய் அதுவரை சொன்னதில்லை. தூற்றுபவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு அவள் திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள்.

“நல்லா இரு நல்லமுத்து. எந்திரி” என்றாள்.

அவர் எழுந்து கட்டிலைக் காட்டினார். பழனாத்தாள் அக்கா உட்கார்ந்தார். நல்லமுத்துக் கவுண்டர் நின்றுகொண்டார். முற்றத்தில் மறுபடி எள்ளைத் தூற்றத் தொடங்கினார்கள்.

அதன்பின் வீட்டுக் காரியங்கள் அக்காவைக் கேட்டே நடந்தன. தோப்பில் எந்த மரத்தை வெட்டுவது, மகளை எங்கே கொடுப்பது என்று எல்லாவற்றுக்கும் ஐம்பத்திரண்டு நாள் காத்திருந்து கேட்டார். அங்கஸை மாப்பிள்ளை என்பதை விட்டு மாமா என்றார், அவர் வந்தால் எழுந்து நின்றார். அக்கா இரண்டு விஷயத்தில் அவரைத் திட்டியதும் உண்டு. கேட்டுக்கொண்டார்.

1979 வைகாசியில் முப்பத்தைந்தாம் ஆடிக்கு அக்காவுக்கு அறுபத்து மூன்று. தனியாக வர முடியவில்லை என்பதால் நல்லமுத்துக் கவுண்டரே மறையூர் போய், முனியறை வாசலில் காத்திருந்து, கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிவந்தார். உடுமலை பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் சின்ன வயசு, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அம்மாவுங்களா என்று கேட்டார்.

“அக்காங்க” என்றார் நல்லமுத்துக் கவுண்டர். “எனக்குப் பதினாறு வயசு எளையவங்களாப் பொறந்தாங்க.”

கண்டக்டர் சரிங்க என்று சொல்லி, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி அக்காவை உட்காரவைத்துவிட்டு, அவருக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.